தயார் என்று சொன்ன பிறகு

டேட்டாபேஸ்காரி என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். வைத்தது நாத்தனார், அதாவது கணவனின் அக்கா; அவள் அண்ணி என்று கூப்பிடுபவர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். இன்று அந்த நாத்தனாருக்கு வயிற்றில் கட்டி எடுக்கும் ஆபரேஷன். லீவு போடாமல் வேலைக்குப் போய்விட்டாள் என்று வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு.

வேலை என்னவோ ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் பார்த்துக்கொள்வதுதான். 'நடுவர்' என்ற சர்வர் கம்ப்யூட்டர், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி மூன்றிடமும் 'தயாரா?' என்று கேட்கும். மூன்றும் தயார் என்றால் 'நடத்து' என்று உத்தரவு போடும். ஒன்று முரண்டு பிடித்தாலும் எல்லோருக்கும் 'விடு'. தயார் என்று சொன்னவர், உத்தரவு வரும்வரை பின்வாங்கக் கூடாது; ரத்த வங்கியில் அந்தப் பைகள் உள்ள அலமாரியே பூட்டிக்கொள்ளும். அந்த நடுவர் உயிரோடு இருக்கும்வரை இது அழகான ஏற்பாடு.

இப்போது அது மூன்று தயார்களையும் வாங்கிக்கொண்டு, முடிவை யாரிடமும் சொல்லாமல் மண்டையைப் போட்டிருந்தது.

ரத்த வங்கிக்காரர் போனில் மெதுவாகத்தான் பேசினார். நிலைமை மோசமானால்தான் அவர் அப்படிப் பேசுவார்.

"பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கலம்மா. அந்த வகையில இருக்கிறது இந்தப் பைங்க மட்டும்தான். அலமாரி பூட்டிக்கிச்சு. உடைச்சிரட்டுமா?"

யாருக்காகப் பூட்டியிருக்கிறது என்று பார்த்தாள். நாத்தனாருக்காக.

"உடைக்கிறது பெரிசில்லண்ணே. நடுவர் ஏற்கெனவே 'நடத்து'ன்னு முடிவு பண்ணியிருந்தா? திடீர்னு உயிர் வந்து தியேட்டர்ல பச்சை விளக்கு போடும். ரத்தம் வந்துக்கிட்டிருக்குன்னு நம்பி வயித்தைத் திறந்துருவாங்க."

பூட்டைக் கையால் விடுவிக்கும் கட்டளையை அடித்து வைத்தாள். அழுத்தவில்லை. தியேட்டருக்குப் போட்ட போன் யாரும் எடுக்காமல் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆஸ்பத்திரியில் தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணிய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இப்பதான். ஏன்?"

"நிறுத்தச் சொல்லுங்க. அவங்களுக்கு வச்ச ரத்தம் வேற ஒரு பொண்ணுக்குப் போகணும். அவ உயிருக்குப் போராடுறா."

"தெரிஞ்சுதான் பேசுறியா? உனக்கும் அக்காவுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு அம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"கட்டிய ஒரு வாரம் தள்ளி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொன்னாருங்க. இந்தப் பொண்ணுக்கு..."

லைன் அறுந்தது. மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

அவர் எழுந்து போனாரா, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. அண்ணியின் ஆபரேஷன் நின்றுபோவதில் தனக்கு ஒரு துளி சந்தோஷம் இருக்கிறதோ என்று மனசைத் துழாவினாள். இருக்கிறது போலவும் இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது.

"அம்மா, அந்தப் பொண்ணு மயக்கமாயிட்டாளாம்," என்றார் ரத்த வங்கிக்காரர், அதே மெதுவான குரலில்.

விரல் கீபோர்டுக்குப் போனது. திரும்பி வந்தது. அப்போது தெரியாத நம்பரிலிருந்து கால்.

"டேட்டாபேஸ்காரியா? உன் புருஷன் தியேட்டர் வாசல்ல நின்னு ஊரக் கூட்டுறான். நர்ஸ்கிட்ட போன் வாங்கிப் பேசுறேன். யாருக்கு அந்த ரத்தம்?"

"பிரசவத்துல ஒரு பொண்ணு, அண்ணி."

"வேணும்னு பண்றியா?"

"இல்ல அண்ணி."

"சரி. மேசையிலேர்ந்து இறங்கிட்டேன். டாக்டர் பக்கத்துலதான் நிக்கிறாரு. என்ன விளக்கு எரிஞ்சாலும் இன்னிக்கு என்னைத் தொடமாட்டாராம். போதுமா?"

அழுத்தினாள். அலமாரி திறந்த சத்தம் மற்ற போனில் கேட்டது, பிறகு ஓடும் காலடிகள். ரத்த வங்கிக்காரர் போனை வைக்கக்கூட இல்லை.

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் நடுவர் சர்வருக்கு உயிர் வந்துவிட்டது. உயிர் போகும் முன் அது பதிந்து வைத்திருந்த முடிவு திரையில் விழுந்தது: 'நடத்து'. கேட்காமல் அழுத்தியிருந்தால் இந்நேரம் கத்தி வைத்திருப்பார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதே நம்பர் திரும்ப வந்தது.

"இங்க பச்சை எரியுதுடி. அப்படின்னா அது எனக்குன்னு முடிவான ரத்தம்தானே?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமா அண்ணி. உங்களுக்குத்தான்."

வசவு வரும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு பொழச்சிட்டாளா?"

"இன்னும் தெரியல."

"அப்ப போனை வைக்காத," என்றார் நாத்தனார். "தெரியிற வரைக்கும் நானும் இருக்கேன்."