குவளையில் முதலாளி

செத்தது செத்ததுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தொட்டியின் அடியில் கூழாங்கற்களுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடக்கிறது, நேற்று வரை விசிறி மாதிரி விரிந்திருந்த வால் நனைந்த துணியாக உடம்போடு ஒட்டியிருக்கிறது, சிவப்பு வெளுத்துச் செங்கல் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது, கண்ணாடியை விரலால் தட்டினான், இன்னொரு முறை தட்டினான், ம்ஹும்... முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெயர் மகள் வைத்தது. ஒரு வேலையும் செய்யாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, கண்ணாடிக்குள் இருந்தபடி எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருப்பதால் முதலாளி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக் கழற்றும் முன்பே, "முதலாளி சாப்பிட்டாராப்பா?" என்பாள். மூன்றரைக்கு வருவாள். இப்போது மணி ஒன்பது பத்து. காலை அவசரத்தில் தொட்டிப் பக்கம் திரும்பாமலே ஓடிவிட்டாள், அந்த மட்டும் பிழைத்தோம். தொட்டிக்குள் கையை விட்டான், தண்ணீர் மணிக்கட்டைக் கடித்தது... இவ்வளவு குளிரா, எப்படி... பின்னால் எட்டிப் பார்த்தான். ஹீட்டரின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் அவனுடைய போன் சார்ஜர். சரி. பக்கத்திலேயே பால்கனிக் கதவு, பனி கொட்டிய ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த கதவு, அதைத் திறந்து போட்டதும் அவன்தான். பத்தொன்பது நாளாக எந்தக் கதவையும் சாத்த முடிவதில்லை, குளியலறைக் கதவைக்கூட. "அப்பா, கதவச் சாத்துங்கப்பா, அசிங்கமா இருக்கு," என்று மகள் கத்துவாள், மனைவி இன்னொரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்வாள். அவர்களுக்குப் போர்வை இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது, மூன்று லிட்டர் தண்ணீர்.

மனைவிக்குப் போன் செய்தான். தபால் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள், எதிரே ஆள் நிற்கிறது போல, குரலைத் தாழ்த்திப் பேசினாள். "செத்துருச்சா? சரி, அவ வர்றதுக்குள்ள எடுத்துப் போட்டுட்டு அதே கலர்ல ஒண்ணு வாங்கி விட்டுருங்க. வாலு கொஞ்சம் பெருசா இருந்தாலும் பரவால்ல, வளந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்." எதன்மீதோ முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. "பத்து மணிக்கு அவங்க வர்றாங்க, ஞாபகம் இருக்குல்ல? மீன் வாங்கப் போறேன்னு அந்த நேரத்துல கெளம்பிராதீங்க. பத்தொம்பது நாளு ஒளிஞ்சாச்சு, போதும்." ஒளிந்தானா... மேனேஜர்தான் வீட்டில் இருக்கச் சொன்னார், விசாரணை முடியும் வரை. இருந்தான். குளிர்கிடங்கில் கூட வேலை பார்த்துச் செத்துப்போன மப்ளரின் மனைவி இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டாள், ஒரு முறை காய்ச்சல் என்றான், ஒரு முறை ஊரில் இல்லை என்றான், அதற்குப் பேர் ஒளிவதா. வந்து என்ன கேட்கப் போகிறாள். கதவைத் திறந்தபோது எப்படி இருந்தார், வலித்திருக்குமா, கடைசியாக ஏதாவது சொன்னாரா, இவ்வளவுதானே. பதில் தயாராகவே இருக்கிறது. நாங்க தொறக்குறப்பவே உயிர் இல்லம்மா. அதைத்தான் மேனேஜரிடமும் சொன்னான், போலீஸ்காரரிடமும் சொன்னான், எழுதியும் கொடுத்தான்.

கரண்டியால் முதலாளியை வாரி, தொட்டித் தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் குவளையில் போட்டான். வாரும்போது விரல் அதன் வயிற்றில் பட்டது, பட்டதா என்றுகூடத் தெரியவில்லை, தண்ணீர்க் குளிரில் விரல் மரத்திருந்தது. குவளையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சுற்றிப் போடப் பிளாஸ்டிக் பை தேடினான். எங்கே வைத்துத் தொலைக்கிறாள் இந்தப் பைகளை எல்லாம், ஒரு பைக்குள் நூறு பை இருக்குமே, அந்தப் பையைத்தான் காணோம். சரி, முதலில் டீ போடுவோம், வருகிறவளுக்கும் ஒரு வாய் கொடுக்கலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினான். கைகளைச் சுவாலைக்குப் பக்கத்தில் காட்டினான். மப்ளரும் இப்படித்தான் செய்வான், ஃப்ரீசர் அறையிலிருந்து வெளியே வந்ததும் நேராக டீக்கடை அடுப்புக்குப் போய்க் கையை நீட்டுவான், கடைக்காரர், "டீ குடிக்க வர்றியா, குளிர் காய வர்றியா?" என்பார், "ரெண்டுக்கும் சேத்துத்தானே காசு வாங்குற," என்பான். கோடையில்கூடக் கழுத்தில் அந்தச் சாம்பல் நிற மப்ளரைச் சுற்றிக்கொண்டு வருவான். கேட்டால், கழட்டுனா என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பான். உண்மைதான்.

மூன்றாம் நம்பர் அறை, மைனஸ் இருபது. மப்ளர் உள்ளே போனது பதினொன்றே முக்காலுக்கு. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கைப்பிடியில் பனி பிடித்து இறுகிவிட்டது, தட்டியிருப்பான், கத்தியிருப்பான், அரை அடி தடிமனான கதவு, வெளியே கம்ப்ரசர் சத்தம், யாருக்குக் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம் என்று ஒருவன் சொன்னான். "எங்கயாவது அடுப்பக் கட்டிப் புடிச்சிட்டு ஒக்காந்திருப்பான், பசிச்சா வருவான்," என்று சொல்லிச் சிரித்தது யார்... இவன்தான், ஷிஃப்ட் சூப்பர்வைசர். கூட நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு மணிக்கு இவன்தான் திறந்தான். கதவோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தான் மப்ளர், இமையில் பனி, உதடு நீலம். இரண்டு பேராக வெளியே இழுத்துப் போட்டார்கள். கழுத்துத் துணியை விலக்கி இரண்டு விரலை வைத்துப் பார்த்தான் இவன். ஒன்றுமில்லை. இடது பக்கமும் பார்த்தான். இருபது வருஷமாகக் குளிர்கிடங்கில் நிற்கிறவனுக்குத் தெரியாதா என்ன... "போயிட்டான்," என்றான். லாரிக்குச் சரக்கேற்றும் ஒல்லி மட்டும் பக்கத்திலேயே மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நெஞ்ச அமுக்கிப் பாக்கலாமாண்ணே? அன்னிக்கு வந்து பயிற்சி குடுத்தாங்களே," என்றான். "விட்ரா. போனவனப் போட்டு ஏண்டா வதைக்கிற. எலும்பு ஒடஞ்சுதுன்னா அவன் பொண்டாட்டிக்கு நீயா பதில் சொல்லுவ?" ஒல்லி கையை எடுத்துக்கொண்டான். தார்ப்பாயை முகம் வரை இழுத்து மூடினார்கள். சுற்றி நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னான், போனில் படம் எடுத்த டிரைவரை அதட்டினான், மரியாதையாக நடந்துகொண்டோம் என்றுகூட அப்போது மனதில் ஓர் ஓரமாக நினைத்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது இரண்டு நாற்பது. ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பெண் டாக்டர், சின்ன வயது, எழுதிக்கொண்டே கேட்டாள், எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீங்க, எத்தனை மணிக்கு வண்டியில ஏத்துனீங்க. சொன்னான். "நடுவுல சூடு ஏதாவது குடுத்தீங்களா?" "செத்தவருக்கு எதுக்குங்க சூடு?" என்றான். பேனா நின்றது. அவள் நிமிர்ந்து இவனைப் பார்த்தாள், அவ்வளவுதான், திட்டவில்லை, மறுபடி குனிந்து எழுதினாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

பால் பொங்கியது. அடுப்பைக் குறைத்துத் தூளைப் போட்டான், தற்செயலாகக் குவளைக்குள் பார்த்தான்... அடுப்புச் சூட்டில் தண்ணீர் லேசாக ஆடுகிறது, அதனால்தான் அது அசைகிற மாதிரி தெரிகிறது. குவளையைத் தள்ளி வைத்தான். தண்ணீர் ஆடாமல் நின்றது. மீனின் செவுள் ஒரு முறை திறந்து மூடியது. இல்லை. முகத்தைக் குவளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், மூச்சுக் காற்று தண்ணீரைக் கலைக்குமென்று மூச்சை அடக்கிக்கொண்டான், ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று எண்ணும்போது மறுபடியும் திறந்து மூடியது. கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்பதரை. விரலைத் தண்ணீருக்குள் விட்டு அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்தான். இப்போது விரலுக்கு உணர்வு வந்திருந்தது, அடுப்பில் காய்ந்த விரல், நூலிழை போல ஏதோ துடிப்பது தெரிந்தது, முதலில் தன் விரலின் துடிப்போ என்று நினைத்தான், விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான், அதுதான். இருபது நிமிடத்துக்கு முன்பு இதே விரல் இதே வயிற்றில் பட்டபோது ஒன்றுமே தெரியவில்லையே... அப்போது விரல் மரத்திருந்தது. அன்றைக்கு. அன்றைக்கு முக்கால் மணி நேரம் இரண்டாம் நம்பர் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான், கையுறை நனைந்துவிட்டதென்று கழற்றிப் பாக்கெட்டில் செருகியிருந்தான், ஆள் காணோம் என்று தேட ஆரம்பித்ததும் அப்படியே ஓடினான், கதவின் தாழைத் தள்ளும்போது விரல் மடங்காமல் உள்ளங்கையால்தான் தள்ளினான். அந்த விரலில் ஊசியைக் குத்தியிருந்தாலும் தெரிந்திருக்காது. அந்த விரலை வைத்துத்தான்... ஒல்லியின் கை காய்ந்த கை, வெயிலில் லாரியில் நின்ற கை. அவன் தொட்டிருந்தால். இவன்தானே தொட விடவில்லை.

இல்லை, மீன் வேறு மனுஷன் வேறு. இது குளிர் ரத்தம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே, மனுஷனுக்கு அப்படியெல்லாம் வராது. வராது என்று யார் சொன்னது, அந்த டாக்டர் சொன்னாளா. குவளைக்குள் வால் மெல்லப் பிரிந்தது, ஓரத்தில் ஒரு சிவப்பு திரும்பி வந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டிய விஷயம், மகள் துள்ளிக் குதிப்பாள். செத்தே இரேன், சனியனே. பத்தொன்பது நாளாகச் செத்தது செத்ததுதான் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன், இப்போது நீ வந்து... குவளையை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனான், தண்ணீர் போகிற துவாரத்தின்மேல் பிடித்தான். சாய்த்தான். யாருக்குத் தெரியும், வீட்டில் யாருமில்லை, மனைவிக்கும் இது செத்த மீன்தான், சாயங்காலம் வால் பெரிதான ஒன்று தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஒழுகியது. ஒழுகும் பக்கமாகச் சரிந்த மீன், உடம்பை ஒரு தரம் வளைத்து, தலையைத் திருப்பி, ஓட்டத்துக்கு எதிராகக் குவளையின் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அவன் குவளையை நிமிர்த்தினான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டான், கூடிவிடாமல், விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து. இவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தைகூடச் செய்யும்.

வாசல் மணி அடித்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மப்ளரின் மனைவி கதவுக்கு வெளியே நின்றாள், கதவு திறந்தே கிடந்தாலும் மணியை அடித்துவிட்டு நின்றாள். அவன் நினைத்து வைத்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். "வாங்க தங்கச்சி," என்றான். கூடத்தில் இடமில்லாத மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டீயைக் கொடுத்தான். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள், குடிக்கவில்லை. "ஒங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இருந்தேண்ணே. காய்ச்சல்னு சொன்னாங்க." "இப்ப பரவால்ல." "அந்த ஆம்புலன்ஸுக்காரங்கதான்... நாப்பது நிமிஷமாமே வர்றதுக்கு. இவரு சோத்துக்கே அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டாரு." சிரிக்கப் பார்த்தாள். அவன் காத்திருந்தான், இப்போது கேட்பாள், நாக்கு நுனியில் பதில் இருக்கிறது, நாங்க தொறக்குறப்பவே... அவள் கேட்கவில்லை. "ஒல்லித் தம்பி வந்து சொல்லுச்சுண்ணே. நெஞ்சுல குத்தி அமுக்கிச் செதைக்கப் பாத்தாங்களாம், நீங்கதான் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நிறுத்துனீங்களாம். எனக்கு அவர முழுசாக் குடுத்தீங்க. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." ஒல்லி அப்படிச் சொன்னானா. ஒல்லியா. புகழ்ந்து சொன்னானா, குத்திச் சொன்னானா, இல்லை, அதைச் சொல்லாமல் அவனால் தூங்க முடியவில்லையா. இவன் வெறுமனே தலையை ஆட்டினான், கும்பிடு வாங்கிக்கொள்கிறவன் போல ஆட்டினான்.

அவள் பார்வை மேடைமேல் போனது. "என்னண்ணே, குவளையில மீனு? சமையலுக்கா?" "இல்ல... பாப்பா வளக்குறது. ராத்திரி குளிர்ல வெறைச்சுப் போச்சு. செத்துருச்சுன்னு நெனச்சு எடுத்துப் போட்டேன்." அவள் எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். முதலாளி வாலை விரித்து அவளை முறைத்தார். "நல்லாத்தான் இருக்கு. பொழச்சிருச்சே." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "எவ்வளவு நேரம் ஆச்சு, உசுரு வர?" "இருபது நிமிஷம் இருக்கும்." "சூடு காட்டுனீங்களா?" "அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்." ம், என்றாள். டீயை நின்றபடியே குடித்து முடித்தாள், டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தாள், அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள். "வர்றேண்ணே. அண்ணிகிட்டச் சொல்லுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நாலாவது மாடி வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றான். ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கலாம். தெரியல, கவனிக்கல என்று சொல்லியிருக்கலாம், மீனுக்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள். கேட்டதும் வாய் இருபது என்று உள்ளதைச் சொல்லிவிட்டது, தெரிந்துதான் சொன்னானா, தெரியாமல் வந்துவிட்டதா. அவளுக்கு அது மீன் விஷயம் மட்டும்தானா. ஆம்புலன்ஸ் வர ஆன நாற்பது அவளுக்குத் தெரியும், மீனுக்கு உயிர் வர ஆன இருபதும் இப்போது தெரியும், பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கலாம், அல்லது நாளைக்கு அரிசி களையும்போது, அல்லது ஒருநாளும் வராமலே போகலாம். செருப்புச் சத்தம் ஒரே சீராக இறங்கியது, மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி... அங்கே நின்றது. பையில் எதையாவது தேடுகிறாளாக இருக்கும். மூச்சு வாங்க நிற்கிறாளாக இருக்கும், இறங்குகிறவளுக்கு என்ன மூச்சு வாங்கும். கீழே எங்கோ ஒரு வீட்டில் குழாய் திறந்து ஓடியது, பிறகு நின்றது. இறங்குகிற சத்தம் வரவில்லை. போய்விடு தங்கச்சி, போய்விடு என்று சொல்லிக்கொண்டே நின்றான், ஆனால் காது முழுக்க ஏறிவருகிற காலடிக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது என்பது வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.