கொக்கியின் பிடி

"தொட்டுப் பாருங்க பெரியவரே. ரேகை எல்லாம் பாத்தாச்சு. சாக்கடைத் தண்ணி ஒண்ணையும் மிச்சம் வைக்கல" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். கொக்கி மேசைமேல் விழுந்து அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

பெரியவர் தொடவில்லை. மூட்டை தூக்கும் கொக்கிதான். குறுக்கே ஒரு மரப்பிடி, அதன் நடுவிலிருந்து இறங்கி வளைந்த இரும்பு. பிடியில் சுற்றியிருந்ததை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். கிடங்குக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் அகப்பட்டதாம். அந்தக் கிடங்கில், மூட்டை அடுக்குகளுக்கு நடுவில்தான் அவருடைய தம்பி குப்புறக் கிடந்தான். பிடரிக்குக் கீழே ஒரே குத்து. குத்தியவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. காலையில்தான் உடலைக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் இறக்கி வைத்த கையோடு இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

"உங்க ஆளுங்க எல்லாரும் அவங்கவங்க கொக்கியக் கொண்டாந்து குடுத்துட்டாங்க, பாருங்க." மேசையின் மறுபக்கம் கொக்கிகள் வரிசையாகக் கிடந்தன. "உங்க தம்பிது அவரு இடுப்புலயே இருந்துச்சு. ஆக இது ஒண்ணு தனி. எவனோ திருட வந்திருக்கான், உங்க தம்பி கண்ல பட்டுட்டான். எங்க ஆளுங்க கொக்கி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுதிக்கிட்டு அனுப்பிடறேன். அங்க எடுக்கற நேரமாச்சில்ல?"

ஒரு வார்த்தைதான்.

பெரியவர் வரிசையைப் பார்த்தார். சைக்கிள் டியூப் சுற்றியது மொட்டையனுடையது. கயிறு சுற்றியது அவன் மச்சானுடையது. கடைசியில் கிடந்தது அவர் மகனுடையது. பிடியில் கட்டம்போட்ட பழைய சட்டைத் துணி. துணியில் அழுக்கு இருந்தது. இரும்பின் வளைவில் மட்டும் ஒரு சணல் பிசிறுகூட ஒட்டியிருக்கவில்லை. கடையில் பூசிக் கொடுத்த எண்ணெய் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டையையும் குத்தாத கொக்கி அது.

அதற்குப் பிறகுதான் அவர் சாக்கடைக் கொக்கியைக் கையில் எடுத்தார்.

கை தானாக மூடிக்கொண்டது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் இரும்பு வந்து உட்கார்ந்தது. பிடியின் ஓரத்தில் மரம் சரிவாகச் செதுக்கியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு மரம் சிம்பு பெயர்ந்ததுபோல இருக்கும். அந்தச் சரிவில் அவருடைய சுண்டுவிரல், இருக்கிற பாதி, போய்ச் சாய்ந்தது.

மீதிப் பாதி ஒரு லாரியின் பின்கதவில் போனது. காயம் ஆறியும் பிடியில் பட்டால் உயிர் போனதால், வெட்டுக்கத்தியால் அவரே அந்த ஓரத்தைச் சீவி எடுத்தார். "எங்கண்ணனுக்கு விரல் நாலரை, கூலி மட்டும் அஞ்சு விரலுக்கு வாங்குவாரு" என்று தம்பிதான் முதலில் கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து கிடங்கில் அவர் பெயர் நாலரை. முழங்கால் விட்டுப்போய் வாசல் காவலுக்கு மாறியபோது கொக்கியை மகனிடம் கொடுத்தார்.

"சுண்டுவிரல் வைக்க எடமே இல்லப்பா இதுல. கை பொத்துப் போவுது."

"பழகிடும்டா."

போன வாரம் தம்பி இவர் மகனை வேலையிலிருந்து நிறுத்தினான். மேஸ்திரி அவன், நிறுத்தலாம். நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். அத்தனை பேருக்கும் நடுவில், "உங்கப்பன் பேரச் சொல்லித் தின்னுக்கிட்டுத் திரியற. அந்தக் கொக்கிக்கு இருக்கற ரோசம் உனக்கு இல்லையேடா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். பெரியவரும் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சித்தப்பன்தானே, நாளைக்கு அவனே கூப்பிட்டுக்கொள்வான் என்று விட்டுவிட்டார்.

"என்ன பெரியவரே, அடையாளம் தெரியுதா?"

"எங்களுது இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "அத வைங்க" என்றார். பிறகு இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் கூட்டம் தெருவரை நின்றது. தம்பி மனைவி உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்ந்த முகம். இவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"பாத்தீங்களா மாமா? யாருதுன்னு தெரிஞ்சுதா?"

"வெளியாளுதும்மா."

"நல்லாப் பாத்தீங்களா? எங்கண்ணன் கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலே யாரு கொக்கின்னு சொல்லிடும்னு உங்க தம்பி சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"பாத்தேம்மா. நம்ம ஆளுங்களுது இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "வெளியாளுக்கா மாமா அவரு முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு?" என்றாள்.

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் மகன் பாடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக எல்லா வேலையும் அவன்தான் இழுத்துப்போட்டுச் செய்கிறான் என்று ஊரே சொன்னது. முடிச்சை இறுக்கும்போது வலது உள்ளங்கை படாமல் விரல் நுனியால் இழுத்தான். அப்பா பார்ப்பதைப் பார்த்தான். குனிந்துகொண்டான்.

"சாப்டியாடா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லப்பா."

தூக்குகிற நேரம் வந்தது. மூட்டைக்காரர்கள் வீட்டுச் சாவு, தோளுக்கா பஞ்சம்? முன்னால் இடப்பக்கம் மகன் போய் நின்றான். அவனுக்கு நேர் பின்னால் பெரியவர் நின்றார்.

"நாலரை, முழங்காலு தாங்குமா? தள்ளு, நான் வரேன்" என்றான் மொட்டையன்.

"என் தம்பிடா."

மொட்டையன் விலகிக்கொண்டான். யாரும் ஒன்று இரண்டு சொல்லவில்லை. பழகின தோள்கள். ஒரே மூச்சில் பாடை மேலே போனது. எத்தனையோ மூட்டைகளை இப்படி நாலு பேராகத் தூக்கியவர்கள்தான். தம்பி ஒரு மூட்டைக் கனம்கூட இல்லை.

தெரு முனை வரை சரியாகத்தான் போனது. அதைத் தாண்டியதும் கனம் பின்பக்கமாகச் சரிந்து அவர் தோளில் இறங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மகன் நடந்துகொண்டுதான் இருந்தான். கம்பின்மேல் அவன் கை இருந்தது. கம்புக்கும் தோளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. குனிந்த அவன் பிடரியில் வியர்வை வழிந்தது.

கிடங்காக இருந்தால் இந்நேரம், "தோளக் குடுடா" என்று கத்தியிருப்பார்.

அவர் சும்மா தொங்கிக்கொண்டிருந்த மற்றக் கையையும் தூக்கிக் கம்பில் வைத்தார். எல்லா விரலும் பிடித்துக்கொண்டன. பாதி விரல் மட்டும் எதிலும் படாமல் நீட்டிக்கொண்டு நின்றது.