ஆட்சேபத்துக்குப் பத்து நாள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். நான் சொல்லும் பொய் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில், நீல மையில், என் கையெழுத்தோடு இருக்கிறது.

குன்னம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (பள்ளியின் பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருப்பவர் நல்ல மனுஷி.) சிறுபத்திரிகைகளில் பதினோரு கதைகள் வந்திருக்கின்றன. ஊரில் யாரும் படித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் பன்னிரண்டாவதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மக்காச்சோளக் காட்டின்மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு' — அடித்துவிட்டேன். இந்தக் கதையில் மக்காச்சோளத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'பூவிழி நன்றாகப் படிக்கிற பெண். ஆனால் துரதிர்ஷ்டம் அவளை' — இதையும் முடிக்கவில்லை. நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

மூன்றாம் தொடக்கம், நடந்ததை நடந்தபடி சொல்வது. இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

3

2011 ஜூன். ஒரே காலையில் இரண்டு பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன்.

முதலில் வந்தவள் ஜோதி. கையில் மகன் கலையரசன். முந்தைய வருடம்தான் புருஷனை லாரி அடித்துப் போட்டிருந்தது. பையன் அக்டோபரில் வீட்டிலேயே பிறந்தவன், பிறப்பைப் பதியவில்லை. ஐந்து வயது நிரம்ப இன்னும் நான்கு மாதம் இருந்தது. பால்வாடி மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பருத்தி எடுக்கப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று நின்றாள். நான் பதிவேட்டில் 2-6-2006 என்று எழுதினேன். ஐந்து வயது ஆகிவிட்டது.*

அடுத்து வந்தவர் வைரக்கண்ணு. சின்ன வெங்காயம் போடுகிறவர், இரண்டு ஏக்கர். மகள் பூவிழியின் பிறப்புச் சான்றிதழைப் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 19-7-2006. ஜூலை முடிவதற்குள் ஐந்து நிரம்பிவிடும், விதிப்படி சரி. நான் எழுதி முடித்ததும் பதிவேட்டைத் திருப்பி வைத்து, சான்றிதழோடு எண் எண்ணாக ஒருமுறை ஒத்துப் பார்த்தார். பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

* இதை அப்போது எல்லாத் தலைமையாசிரியர்களும் செய்தோம். எங்கள் பக்கத்தில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களை எண்ணிப் பாருங்கள். பாதிப் பேரைப் பெற்றது வாத்தியார்தான்.

4

பன்னிரண்டு வருடம் கழித்து, இருவரும் பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு 583.

(இந்த இடத்தில் ஒரு வாசகர் குறுக்கிடுவார்: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அரசே கட்டணம் கட்டுகிறதே? கட்டுகிறது. இவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தது உதவி பெறும் பள்ளியில். அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.)

வெளிநாட்டில் குடியேறிய எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு பிள்ளை. நான்கு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சிபாரிசு கிடையாது, சாதி கிடையாது, மதிப்பெண் மட்டும்தான் என்று அறிவிப்பிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு விதிகள். மதிப்பெண் சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

நாற்பத்தேழு நாள் மூத்தவனான கலையரசனுக்குக் கிடைத்தது. உண்மையில் அவன் பூவிழியைவிட மூன்று மாதம் இளையவன்.

பட்டியல் வந்த மூன்றாம் நாள் ஜோதி லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அதுவரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சொன்னால் நம்புங்கள்.

"நீங்க அன்னைக்குப் போட்ட தேதிதான் சார். இல்லன்னா பூவிழிக்குப் போயிருக்கும்."

(முதல் படியில் இந்த இடத்தில் ஜோதியை நமட்டுச் சிரிப்பு சிரிக்க வைத்திருந்தேன். ஒரு கெட்டவள் இருந்தால் எனக்கு வசதி. ஆனால் அவள் சிரிக்கவில்லை, அழுதாள். நன்றியில் அழுதாள். நான் ஒரு லட்டு தின்றேன்.)

5

மிச்சம் ஏழு நாள். அறக்கட்டளைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

'பெருமதிப்பிற்குரிய அறங்காவலர் அவர்களுக்கு, கலையரசன் என்னும் மாணவரின் பிறந்த தேதி' — இல்லை.

'இரக்கத்தின் பொருட்டு நான் செய்த ஒரு' — இல்லவே இல்லை.

உண்மையைச் சொன்னால் பையனுடைய சான்றிதழ் மொத்தமும் சந்தேகத்துக்கு வரும். உதவித்தொகையோடு கல்லூரி இடமும் போகலாம். அதனால்தான் தயங்குகிறேன் என்று முதல் மூன்று படிகளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பென்ஷனைப் பற்றிய பயத்தை நான்காம் படியில்தான் ஒப்புக்கொண்டேன். ஐந்தாம் படியில் நடையைத் திருத்தினேன். ஆறாம் படியில் கடிதம் நன்றாக வந்திருந்தது, எடுத்து எடுத்து இரண்டு மூன்று முறை படித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தபால் இல்லை. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

பூவிழிக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் இடம் கிடைத்திருந்தது. அந்த வருடம் விலை ஏறட்டும் என்று வயலோரப் பட்டறையில் குவித்து மூடி வைத்திருந்த வெங்காயம் மழையில் அழுகிவிட்டது. கட்டணம் கட்டும் கெடு முடிந்தது, இடம் வேறு யாருக்கோ போனது. ஒரு வருடம்தான் என்று சொல்லித் திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுக்குப் போனாள். இப்போது மூன்றாம் வருடம்.

6

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவளைக் கொன்றேன். கிணறு, கூட்டம், வைரக்கண்ணு மண்ணில் உட்கார்ந்திருப்பது. கதை பிரமாதமாக வந்தது. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் அவள் கலெக்டராகி ஜீப்பில் வந்து இறங்கினாள். என் மனைவிக்கு இது பிடித்திருந்தது. மில்லில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு எந்தப் பரீட்சைக்குப் படிப்பாள் என்று கேட்டேன்.

மூன்றாவதில் கலையரசனுக்கு உண்மை தெரிந்து, தானே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தான். அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஜோதி சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

7

இந்தப் பொங்கலுக்குப் பூவிழி ஊருக்கு வந்திருந்தாள். நேரில் போனேன். (இந்தப் பகுதியில் நான் எதையும் திருத்தவில்லை.)

வைரக்கண்ணு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் பதிவேட்டிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே கையமர்த்திவிட்டார். அந்தப் பையன் பிறந்தபோது பூவிழிக்கு மூன்று மாதம் என்றார். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவர் மனைவி, பிறந்த பிள்ளையைப் பார்க்க ஜோதியின் வீட்டுக்குப் போனாளாம். ஆக, பட்டியல் வந்த அன்றே அவருக்குத் தெரியும். ஏன் ஆட்சேபம் சொல்லவில்லை என்று கேட்டேன். தகப்பன் இல்லாத பிள்ளைமேல் புகார் கொடுக்கத் தனக்குக் கை வரவில்லை என்றார்.

"எழுதுன ஆளு நீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பத்து நாளும் பாத்துக்கிட்டே இருந்தேன் சார்."

அவர் மாட்டைப் பிடித்துக் கட்டுவதற்காக எழுந்து போனார்.

பூவிழி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமினாள். பஞ்சு, சார், சரியாயிடும் என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. கலையரசனுக்கு இன்னும் ஒரு வருட உதவித்தொகை பாக்கி இருக்கிறது, இப்போதும் எழுதலாம், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுனா எனக்கு என்ன கெடைக்கும் சார்?"

அடுக்கிய துணியைக் கையால் அமுக்கிவிட்டாள்.

"அவனுக்குப் போவும். எனக்கு வராது. உங்களுக்கு மட்டும் மனசு லேசாவும்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அத எங்கிட்ட வாங்கிட்டுப் போவாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, பாத்துப் போங்க சார் என்று வழியனுப்பினாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

8

எழுதவா, வேண்டாமா, முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன் என்று ஒரு வரியோடு முடிப்பதாகத்தான் இருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம், ஆசிரியருக்கும் வசதி. எழுதியும்விட்டேன். படித்துப் பார்த்தபோது, அவளிடம் கிடைக்காததை உங்களிடம் கேட்டு நிற்கிறேன் என்று தெரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். படித்து முடித்ததும், பாவம், இத்தனை வருடம் கழித்தாவது ஒப்புக்கொண்டாரே என்று சொல்லிவிடாதீர்கள். இது ஆட்சேபக் கடிதத்தின் ஏழாம் படி, அவ்வளவுதான். இதையும் நான் அறக்கட்டளைக்கு அனுப்பவில்லை, பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை கலையரசனுக்கு ஆறாம் செமஸ்டர் தொடங்குகிறது. பூவிழிக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. எனக்கு — இந்த வரியையும் முடிக்கவில்லை.