சவேத்தாவின் விரல்

கவ்ரில் நாற்பது வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். பனியில் புதைந்த தண்டவாளத்துக்கு அஞ்சாத மனிதர், ஆஸ்பத்திரி மாடியின் நடைக்கூடத்துக்கு அஞ்சினார். காரணம் டாக்டர் ஒதிலியா. ரயிலில் கவ்ரிலுக்குக் கீழே வேலை பார்த்தவரின் மகள். மூக்கொழுக எஞ்சினில் ஏறி விளையாடிய பெண், இப்போது கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, வெளியே பத்துப் பேர் கேட்க அவரைத் திட்டினாள்.

"காலையில வெறும் வயித்துலயே இருநூத்து முப்பதா? கவ்ரில் மாமா, ஜாமை ஸ்பூன்ல சாப்பிடறீங்களா, கரண்டியிலயா? அடுத்த மாசமும் இப்படியே வந்தா இன்சுலின் ஊசிதான், சொல்லிட்டேன்."

வெளியே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடுவரை அவர் பின்னாலேயே வந்தது.

வீட்டில் தினமும் சர்க்கரை அளந்து, மாதாமாதம் டாக்டரிடம் காட்டவேண்டிய கருவி எல்லா எண்ணையும் ஞாபகம் வைத்திருக்கும். மாற்றி எழுதி ஏமாற்ற முடியாது. வாயைக் கட்டுவதோ அவரால் ஆகாத காரியம். மறுநாள் காலை மனைவி முன்னால் போய் நின்றார்.

"உன் விரலைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு? இந்த வயசுல மறுபடி மோதிரம் போடப்போறியா?" என்றாள் சவேத்தா.

விஷயத்தைக் கேட்டதும், "வெக்கங்கெட்ட மனுஷா" என்றாள். ஆனாலும் கையை நீட்டினாள். தொண்ணூற்றெட்டு. தினமும் காலையில் அது வாடிக்கையாயிற்று. அந்த மாதம் டாக்டர் வாய் நிறையப் பாராட்டினாள். அப்போதும் கதவு திறந்துதான் இருந்தது. கவ்ரில் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். அன்று மாலையே வால்நட் கேக்கில் மூன்று துண்டு உள்ளே போயிற்று.

கோடை முடிந்து, பிளம் பழ ஜாம் காய்ச்சும் நாட்களில் எண்கள் ஏறத் தொடங்கின. நூற்று நாற்பது. நூற்றுத் தொண்ணூறு. கவ்ரிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"திருட்டுத்தனமா என்ன திங்கற? அண்டாவை வழிச்சு நக்கறியா? என் மானம் உன் வாயிலதான் இருக்கு, தெரியுமா?"

தின்பவர் அவர், வசவு வாங்குபவள் அவள். என்ன நியாயமோ. சவேத்தா ஜாமை ருசி பார்ப்பதை நிறுத்தினாள். பிறகு ரொட்டியை நிறுத்தினாள். அப்புறம் இரவுச் சாப்பாட்டையே விட்டாள். எண் இறங்கவில்லை. படுக்கைப் பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீர் வைத்துக்கொண்டாள். விடிவதற்குள் அது காலியாகிவிடும். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்திக்கொண்டாள். கவ்ரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கவலை மட்டும் எண்ணைப் பற்றியே இருந்தது.

டாக்டரிடம் போகவேண்டிய நாளன்று காலை இருநூற்று எண்பத்தாறு வந்தது.

ஒதிலியா திட்டவில்லை. கருவியைப் பார்த்து முகம் மாறினாள்.

"உக்காருங்க மாமா. ராத்திரியில ரொம்ப தாகம் எடுக்குதா?"

"இல்லையே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கூஜா கண்ணில் வந்து நின்றது.

"உடம்பு இளைச்சிருக்கா? துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சா?"

கவ்ரில் தன் தொந்தியைப் பார்த்தார். சவேத்தாவின் ஊக்கு நினைவுக்கு வந்தது.

"இது விளையாட்டில்ல மாமா. இப்படியே விட்டா மயங்கி விழுந்துடுவீங்க. உயிருக்கே ஆபத்து."

கருவி கெட்டுவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே பேச்சு நின்றிருந்தது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது என் ரத்தமில்ல, டாக்டரம்மா. சவேத்தாவோடது. ஆறு மாசமா அவ விரலைத்தான் குத்தறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அவங்க எங்க?" என்று டாக்டர் எழுந்தாள்.

"கீழ பெஞ்சுல. படியேற முடியலன்னு உக்காந்திருக்கா. நான் கூட்டிட்டு வரேன்."

கூனிக் குறுகி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். சவேத்தா பெஞ்சில் சாய்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அவசரமாக எழப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னால திட்டு வாங்கினியா?" என்றாள். "நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நாளைக்குக் கண்டிப்பா குறைஞ்சிடும்."

கவ்ரில் அவள் கையைப் பிடித்தார். விரல் நுனிகள் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.