மாடித்தூணில் பழுத்த அன்னாசி

காரிமங்கலத்தில் சென்றாயன் வீட்டு மாடிச்சுவர்த் தூணின் உச்சியில் இருந்த சிமெண்ட் அன்னாசிப்பழம் மாசி மாதத்தில் பழுத்தது. முதலில் அடிப்பக்கம் மஞ்சளானது. சந்தைக்கு வந்தவர்கள் பெயிண்ட் என்றே நினைத்தார்கள். பிறகு தேனீக்கள் வந்தன, பஸ் ஸ்டாண்டுவரை வாசம் போனது. கட்டிக்கொடுத்த கொத்தனார் தங்கராஜை வரவழைத்துக் கேட்டபோது, சிங்கத்தின் அச்சு உடைந்துபோனதால் அன்னாசி வைத்ததாகவும், எல்லா வீட்டுக்கும் போடும் கலவையைத்தான் போட்டதாகவும், விரிசலுக்கு மட்டுமே தான் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சென்றாயன் அந்தத் தூணை எழுப்பியதே பக்கத்து வீட்டிலிருக்கும் தன் கூடப்பிறந்த தம்பி மாதுவைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கத்தான். அது மாதுவின் டிஷ்ஷை மறைத்தது. அவன் வீட்டு டிவியில் படம் வராமல் போயிற்று. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. இதில் அதிகம் நஷ்டப்பட்டவள் சென்றாயனின் மனைவி காசியம்மாள். புருஷனைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்ட, மாதுவின் மனைவி முனியம்மாளை விட்டால் அவளுக்கு ஊரில் ஆளில்லை.

பழம் கனத்து மாது வீட்டுப் பக்கம் சாய்ந்தது. சாறு அவன் வாசலில் சொட்டியது. சாறு தன்னுடையது என்றான் மாது, சிமெண்ட் தன்னுடையது என்றார் சென்றாயன். ஊர்ப் பெரியவர்கள் வந்து முகர்ந்து பார்த்து, எச்சில் விழுங்கி, தீர்ப்பு சொல்லாமல் போனார்கள். சென்றாயன் பழத்தைச் சாக்கால் மூடிக் கட்டி, நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். சாக்குக்குள்ளிருந்து அழுகல் வாடை கிளம்பிய மத்தியானம் காசியம்மாள் கொடுவாளோடு மாடியேறினாள். அவர் குறுக்கே நின்றார்.

"தள்ளுங்க. இத அழுக வுட்டுட்டு அப்புறம் யாருகிட்ட ஒசரத்தக் காட்டுவீங்க?"

ஒரே வெட்டு. நல்ல பாதியைச் சுவருக்கு அந்தப்பக்கம் நீட்டினாள். சத்தம் கேட்டுத் தன் மாடிக்கு வந்திருந்த முனியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், வாங்கிக் கடித்தாள்.

"மணலு நறநறங்குதுக்கா."

"சலிக்காத மணலு. எல்லாம் உங்க மாமா லட்சணம்."

அதன்பின் இருவரும் இருட்டும்வரை சுவரோரம் நின்று இரண்டு புருஷன்களையும் ஆற அமரத் திட்டினார்கள். சென்றாயனும் ஒரு துண்டு தின்றார். அந்த வாரம் முழுக்க வயிறு கெட்டித்துக் கிடந்தது. மாது டிஷ்ஷைக் கழற்றி வந்து அண்ணன் மாடியிலேயே மாட்டிக்கொண்டான்.

ஆடியில், தூணில் மிச்சமிருந்த கட்டை பக்கக்கன்று விட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் இலையில் படாமல் சுற்றி அடித்துவிட்டு, அடுத்த தூணுக்குப் போனார்.