'முன்பு' என்ற கட்டம்

டாக்டர் கொடுத்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் 'முன்பு', வலது பக்கம் 'இப்போது'. வலது பக்கத்தை அக்கா பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தாள். தம்பி செருப்பைக் கால் மாற்றிப் போடுகிறான். குளியலறைக்குப் போகிறவன் வாசல் கதவைத் திறக்கிறான். வேலை செய்யும் இடத்தில் நட்ட நடுவே நின்று, என்ன செய்ய வந்தோம் என்று தெரியாமல் முழிக்கிறானாம். இடது பக்கத்தில் மூன்று வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

தம்பிக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்ததுமே மூளை வளர்ச்சி குறைவு என்று சொல்லிவிட்டார்கள். அம்மா போன பிறகு இருபது வருடமாக அவனுக்கு எல்லாமே அக்காதான்.

முதலில் பார்த்த டாக்டர், இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று கையை விரித்துவிட்டார். இரண்டாவது டாக்டர் சின்ன வயதுப் பெண். மறதி நோயாக இருக்கலாம் என்றாள். ஆனால் எல்லோருக்கும் வைக்கிற பரீட்சையை இவருக்கு வைத்துப் பயனில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க இவருக்கு என்றைக்குமே தெரிந்திருக்காது. என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் சொன்னால்தான் எது போயிற்று என்று நான் சொல்ல முடியும் என்று படிவத்தை நீட்டினாள். நோய் என்று அவள் எழுதிக் கொடுத்தால் வேலையிடத்தில் கூடவே இருக்க ஓர் உதவியாளர் கிடைப்பார். கொடுக்காவிட்டால், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் தம்பி பார்த்துவந்த முப்பது வருட வேலை இந்த மாதத்தோடு சரி.

இடது பக்கத்தில் எழுதிய மூன்று வரி இதுதான்: தானே சாப்பிடுவான். தானே உடுத்திக்கொள்வான். சொன்ன பேச்சைக் கேட்பான். திரும்பப் படித்தபோது ஏதோ மூன்று வயதுக் குழந்தைக்கு எழுதியதுபோல் இருந்தது.

மறுநாள் மதியம் படிவத்தை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். தினமும் வாசல்வரை கொண்டுவந்து விடுவாளே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், ஏதோ பொழுது போகப் போய்விட்டு வருகிறான் என்பாள். உள்ளே ஆவி முகத்தில் அடித்தது. மெஷின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் அம்மாள் படிவத்தை எட்டப் பிடித்துப் படித்தாள்.

"சொன்ன பேச்சைக் கேட்பான்னு யாரு எழுதினது?"

"நான்தான்."

"மாஸ்டரா? எங்க பேச்சையா? நீங்க வேற."

யாரைச் சொல்கிறாள் என்று அக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. இங்கே தம்பிக்கு மாஸ்டர் என்று பெயராம்.

அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஆபரேஷன் அங்கிகளுக்குள் சிக்கி வரும் கத்தரிக்கோலை மாஸ்டர் தடவிப் பார்த்தே எடுத்துவிடுவார். இதுவரை பதினொன்று. உள்ளே போயிருந்தால் மெஷின் காலி. ஈரம் போகாத விரிப்பைக் கன்னத்தில் வைத்ததுமே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். குழந்தைகள் வார்டுத் துணியைக் கை கழுவாத எவனையும் தொட விடமாட்டார். சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவள் அடுக்கியது கோணலாக இருக்கிறதென்று நாலு தடவை பிரித்துப் போட்டவர் அவர்தான். அதை அவளே சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இஸ்திரி போடுகிறவர் பக்கத்தில் வந்தார். "எழுதிக்கங்கம்மா. எனக்குப் பொண்ணு பொறந்த அன்னிக்கு என் மெஷின அவர்தான் ஓட்டினார்."

"அத எழுதாதீங்க," என்றாள் சூப்பர்வைசர். "என் வேலை போயிரும்."

அக்கா அதையும் எழுதினாள். கட்டம் நிரம்பியது, ஓரம் நிரம்பியது. தாளைப் புரட்டிப் போட்டு எழுதினாள். எழுத எழுத அவளுக்குக் கோபமும் வந்தது.

"இதெல்லாம் ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நினைச்சோம்," என்றார் இஸ்திரிக்காரர். "கூடப் பொறந்தவங்களாச்சே."

அக்கா படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் தாளின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். வலது பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். தம்பியிடம் ஒரு துண்டைக் கொடுத்து மடிக்கச் சொன்னாள். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டார். பிறகு நோயின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தான் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அழ வேண்டிய இடம்தான். ஆனால் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றாள்.

"எதுக்கு?"

"சொந்தக்காரங்ககிட்ட காட்டணும். வரிசையா ஒவ்வொரு வீடாப் போகப் போறேன்."

திங்கட்கிழமை உதவியாளர் வந்தாள். இப்படிப்பட்டவர்களை நாலு வருடம் கவனித்த அனுபவம் இருக்கிறது என்றாள். அது இருக்கட்டும், மடிக்கத் தெரியுமா என்று கேட்டாள் சூப்பர்வைசர். உதவியாளர் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"எதிர்ல போய் அந்த ஓரத்தப் பிடிச்சுக்கங்க," என்றாள் அக்கா. "மாஸ்டர் வருவாரு. அவசரப்படுத்தாதீங்க."

உதவியாளர் பிடித்தாள். மாஸ்டர் விரிப்பை ஒரு உதறு உதறிவிட்டு அவளை நோக்கி நடந்தார்.