ஆறாம் நாளின் இரண்டாவது தாள்

லான்சரோட்டே தீவுக்கு சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் முதல் நாள் மலையைப் பார்த்துப் பயப்படுவார்கள். இரண்டாம் நாளிலிருந்து காற்றைப் பார்த்துப் பயப்படுவார்கள். மலை ஒரு இடத்தில் முடிந்துவிடும், காற்றுக்கு அந்த நாகரிகம் கிடையாது. தெகிசே ஊரில் பிறந்து வளர்ந்த டாசிலுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வாரச் சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் பிழைப்பு. எந்த ஹோட்டல், எந்தச் சாலை, எந்த வளைவில் தண்ணீர், எந்தக் கடையில் ஆட்டுக்கறி, எல்லாம் அவள் தாளில் இருக்கும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று. களைத்துப்போன மனுஷனை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வரக் காற்று வேண்டும் என்பதுதான் அவள் தொழிலின் மொத்த சூட்சுமமும்.

ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தாள் அடிப்பாள். முதல் தாள் வழக்கமான வடகிழக்குக் காற்றுக்கு. இரண்டாவது தாள், காற்று திரும்பிக்கொண்டு தென்கிழக்கே ஆப்பிரிக்கப் பக்கமிருந்து புழுதியோடு அடிக்கிற நாளுக்கு. எப்போதாவது வருகிற அந்த நாளுக்காக இவ்வளவு காகிதமா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். சைக்கிள் வாடகைக் கடை சானோ வாடிக்கையாளர்களை நிற்க வைத்துச் சொல்வான். "இவ கல்யாணத்துக்கே ரெண்டாவது தாள் வெச்சிருந்தா. அய்ராம் வராட்டி கட்டிக்க நான் ரெடியா நின்னேன். பாவி, நேரத்துக்கு வந்துட்டான்."

போன திங்கட்கிழமை டாசிலுக்கு பெல்ஜியத்திலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பெயர் கிரீட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தபயெஸ்கோ இறக்கத்தில் காற்று தூக்கிப் போட்டுச் செத்துப்போன யோரிஸின் மனைவி. யோரிஸ் இருந்தவரை தான் சைக்கிள் பக்கமே போனதில்லை என்றும், அவன் போன பிறகு ஓட்டப் பழகிவிட்டதாகவும் எழுதியிருந்தாள். பிப்ரவரியில் தனியாக வருகிறாள். அவன் ஓட்டிய அதே ஆறு நாள், அதே ஹோட்டல்கள், அதே வரிசை வேண்டும். அன்றைக்கு வழிகாட்டியாக வந்த அய்ராம் சம்மதித்தால் அவனே வர வேண்டும்.

கடைசியில் ஒரு சின்ன உதவி கேட்டிருந்தாள். யோரிஸின் பையில் நாலாக மடித்த தாள்கள் பதினொன்று இருந்தன. ஐந்து நாளுக்கு இரண்டிரண்டு, ஆறாம் நாளுக்கு மட்டும் ஒன்று. 'தினமும் சாயங்காலம் போன் செய்யும்போது உங்கள் தாள்களைப் பற்றித்தான் சொல்லுவார், காற்று மாறினால் அதற்கும் இவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்று. ஆறாம் நாளின் இரண்டாவது தாள் ஆஸ்பத்திரியில் எங்கேயோ தொலைந்திருக்கும். இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா?'

டாசில் அந்தக் கடிதத்தை கோஃபியோ என்கிற வறுத்த தானிய மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவள் கணவன் அய்ராம் அந்த மாவை இரண்டு வருஷமாகத் தொடுவதில்லை. சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத்தான் காலையில் கோஃபியோ வேண்டும். அவன் இப்போது துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுகிறான்.

யோரிஸ் வந்திருந்த வாரம் நடந்தது இதுதான். நாலாம் நாள் அய்ராம் தன் இஷ்டத்துக்கு வழியை மாற்றி ஆறு பெல்ஜியம்காரர்களையும் வேறு பக்கம் கூட்டிப்போனான். அரியா ஊரில் ஏழு பேருக்குச் சொல்லி வைத்திருந்த சாப்பாடு வீணாகிப்போனது. மறுநாள் சாயங்காலம் சானோ கடையில் டாசில் அதைக் கேட்டாள். எல்லோரும் இருக்கும்போது கேட்டது தப்புதான். அய்ராம் சொன்ன பதில் அதைவிடத் தப்பு.

"எங்க மகாராணி நாற்காலியில உக்காந்தே காத்த மோந்து பாத்துருவா. சைக்கிள்ல ஏறி ஏழு வருஷமாச்சு."

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகுதான் அவள் ஓட்டுவதை நிறுத்தினாள். எப்படி அழுதாள் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனே அதை எடுத்துக் கடையில் போட்டு உடைத்தான். சானோ சிரித்தான். மொழி புரியாத பெல்ஜியம்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள், யோரிஸ் உட்பட. வீட்டுக்கு வந்ததும் டாசில் தெளிவாகச் சொன்னாள், இனிமேல் தாளில் இருக்கிறபடிதான் போக வேண்டும், ஒரு மீட்டர் விலக வேண்டுமானாலும் தனக்குப் போன் பண்ணிக் கேட்க வேண்டும் என்று. ஆகட்டும் மகாராணி என்று அவன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான்.

பிறகு அவள் மறுநாளைக்கான தாள்களை அடித்தாள். முதல் தாள் ஏழு பிரதி, இரண்டாவது தாள் ஏழு பிரதி. வானிலையில் லேசான சந்தேகம் இருந்தது, காற்று தென்கிழக்கிலிருந்து வரலாம் என்று. அதனால்தான் இரண்டாவது கட்டைத் தனியே உருவி, கிளிப் போட்டு, மேஜை டிராயரில் வைத்தாள். காற்று திரும்பினால் அவன் வாயைத் திறந்து அவளைக் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அற்ப ஆசை, ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது இனித்தது.

காலையில் மாடிக் கொடியில் துணி எதிர்ப்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. வானம் காவியேறிக் கிடந்தது. தபயெஸ்கோ இறக்கத்தில் இடது பக்க மலை வடகிழக்குக் காற்றை மறைத்துக்கொள்ளும், வலது பக்கம் திறந்த பள்ளத்தாக்கு. தென்கிழக்கிலிருந்து அடிக்கும் நாளில் அங்கே இறங்கக் கூடாது, வந்த வழியே தெகிசேக்குத் திரும்ப வேண்டும். தீவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அய்ராமுக்கு நன்றாகவே தெரியும். டாசில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி, ஒன்பது, பத்து. முப்பது வருஷம் ஓட்டினவன், அவனே திருப்பிவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். சொல்வதற்கு ஒரு குத்தல் வார்த்தை கூடத் தயாராக வைத்திருந்தாள். அவன் வழி கேட்கக் கூப்பிடவில்லை.

பள்ளத்தாக்கு அகலமாகத் திறக்கிற வளைவில் காற்று யோரிஸை வலது பக்கமிருந்து அடித்து, சாலைக்குக் குறுக்கே தூக்கி, பாறையில் மோதியிருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், காற்று மாறினால் வேறு வழி ஏதும் குறித்துக் கொடுத்திருந்தீர்களா என்று கேட்டார். டாசிலின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "ரெண்டு தாளும் குடுத்தேன்." பக்கத்தில் அய்ராம் நின்றிருந்தான், சட்டைக் கையெல்லாம் ரத்தம். அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் பாக்கெட்டுகளைத் தடவ ஆரம்பித்தான்.

திடீர்க் காற்று, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள். அய்ராம் முடிக்கவில்லை. தான்தான் தாள்களைத் தொலைத்துவிட்டதாக நம்பிவிட்டான். முதல் தாளை மட்டும் பார்த்து, எழுதினபடியே போகலாம், அவள் புத்திசாலித்தனம் தெரியட்டும் என்று வீம்பில் இறங்கியதையும் அவளிடம் ஒப்புக்கொண்டான். தாள் கையில் இருந்திருந்தால் அந்த வீம்பு வந்திருக்காது என்று நூறு தடவை சொன்னான். அடுத்த வாரம் அந்தத் தாள்களைத் தேடி, சைக்கிள் ஏற்றிப்போகும் வேனின் இருக்கைகளைக் கொட்டகைக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே இருட்டு, டாசில்தான் டார்ச் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் காட்டு என்றான். இடது பக்கம் காட்டினாள்.

இப்போது கடிதம் வந்த மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல் கிரீட்டுக்காகச் சானோவிடம் ஒரு சைக்கிள் கேட்டாள். சானோ வாயில் எது தங்கும்? வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்த அய்ராம் நேரே சமையலறைக்கு வந்து நின்றான்.

"யோரிஸ் சம்சாரம் வர்றாங்களாமே. என்கிட்ட சொல்ல மாட்டியா?"

அவள் மாவு டப்பாவை நகர்த்திக் கடிதத்தைக் கொடுத்தாள். அவன் நின்றபடியே படித்தான், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான். கத்துவான், அல்லது வெளியே போய்விடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாடு கேட்டான். உப்புத் தண்ணீரில் தோல் சுருங்க வேகவைத்த உருளைக்கிழங்கும் மீனும் வைத்தாள். பல மாதமாகப் பாதித் தட்டோடு எழுந்து போகிறவன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான்.

"நான் வர்றேன்னு எழுது. ஆறு நாளும் நானே கூட்டிட்டுப் போறேன்."

சாப்பிட்டுக்கொண்டே திட்டம் சொல்ல ஆரம்பித்தான். புதிதாக ஓட்டுகிறவள், ஆகவே முதல் நாள் திராட்சைத் தோட்டப் பக்கம் மெதுவாகப் போகலாம். மூன்றாம் நாள் ஏற்றத்தில் பாதியில் ஒரு காப்பி. காற்று பிடித்துத் தள்ளாத, விளிம்பு உயரம் குறைந்த சக்கரம்தான் கொடுக்க வேண்டும், சானோ வேறு எதையாவது தலையில் கட்டப் பார்ப்பான். டாசில் எழுதிக்கொண்டே வந்தாள். பழைய அய்ராம் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான், தான் சொன்ன பொய் அவனுக்குள் நன்றாக வேர் பிடித்துவிட்டது, இரண்டும் ஒன்றாக அவளுக்குத் தெரிந்தது.

"ஆறாவது நாள் அந்த வளைவுல நிப்பாட்டி நானே அவங்ககிட்ட சொல்லிடறேன். தாள் தொலைஞ்சது ஆஸ்பத்திரியில இல்ல, நான்தான் தொலைச்சேன்னு. அடிச்சாலும் வாங்கிக்கறேன். ரெண்டு வருஷமா யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு, டாசில்." குடித்த தண்ணீரைக் கீழே வைத்தான். "அந்த ரெண்டாவது தாள இன்னொரு தடவ அடிச்சுக் குடு. என் கையால குடுக்கணும்."

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். கணினியில் அந்தத் தாள் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், புதுத்தாள் சூடாக வெளியே வந்து விழும். அய்ராம் அதை வாங்கிக்கொண்டு தன் குற்றத்தைச் சுமந்து வளைவு வரைக்கும் போவான். கிரீட் அழுவாள், ஒருவேளை மன்னிப்பாள். மன்னிப்பு அவனுக்குப் போகும், அதுவும் அவன் செய்யாததற்கு. டாசில் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை, விபத்து நடந்த அன்றுகூட. டிராயரைத் திறந்தாள்.

ஏழு தாளையும் கிளிப்போடு கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

புதிதாக அடித்தது என்று நினைத்துத்தான் அவன் எடுத்தான். ஒன்று போதுமே, எதுக்கு இத்தனை என்று முனகினான். பிறகு தேதியைப் பார்த்தான். மேல் தாளின் மூலையில் டாசிலின் கையெழுத்தில் அவன் பெயர் இருந்தது, அவனுக்கென்று எப்போதும் எழுதுகிற மாதிரி. மை கொஞ்சம் மங்கியிருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், விரலால் நடுவில் தடவினான். வழிகாட்டியாக இருந்த அத்தனை வருஷமும் எந்தத் தாளையும் நாலாக மடித்து முதுகுப் பாக்கெட்டில் வைக்காமல் அவன் சைக்கிள் ஏறியதில்லை. அந்த ஏழு தாளிலும் ஒரு மடிப்புக்கூட இல்லை.

"எங்க இருந்துச்சு?"

"டிராயர்ல."

"யாரு வெச்சா?"

"நான்தான். முந்தின நாள் சாயங்காலமே. நீ போன் பண்ணிக் கேக்கணும்னு."

வெளியே யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"நான் பண்ணியிருந்தா எடுத்திருப்பியா?"

"மடியிலதான் வெச்சிருந்தேன்."

அதற்கு அவன் தலையை ஆட்டினான், நியாயம்தான் என்பது போல. தட்டை எடுத்துப் போய்க் கழுவினான். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் இன்னொன்று அவனுக்கு உறைத்தது.

"வேன் சீட்டெல்லாம் கழட்டினேனே. டார்ச்ச நீதானே புடிச்ச?"

"ஆமா."

"இடது பக்கம் காட்டுன்னேன். காட்டினே."

"ஆமா."

மேஜைக்கு வந்து, அவள் எழுதிய திட்டத்தை எடுத்தான். வழிகாட்டி என்ற கட்டத்தில் இருந்த தன் பெயரை ஆறு நாளுக்கும் ஆறு முறை கோடு போட்டு அடித்தான். நிதானமாக, ஒவ்வொன்றாக. அர்ரெசிஃபேயில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வேன் கிளம்பி, சந்து திரும்பி, சத்தம் காற்றில் கரைந்தது.

டாசில் கிரீட்டுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். அனுதாபம், வணக்கம் என்று ஆரம்பித்து நாலு தாளைக் கிழித்துப் போட்டாள். ஐந்தாவது தாளில் நேராக எழுதினாள். அந்தத் தாள் தொலையவில்லை, அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தாள், அன்று காலை மாடியில் எதைப் பார்த்தாள், எத்தனை மணி நேரம் போனை மடியில் வைத்திருந்தாள், போலீஸ்காரரிடம் என்ன சொன்னாள் எல்லாவற்றையும் எழுதினாள். அய்ராமிடம் அந்தத் தாள் ஒருபோதும் இருந்ததில்லை என்று தனியே ஒரு வரி எழுதி, கீழே கோடு போட்டாள். இதற்குப் பிறகும் வருவதாக இருந்தால் திட்டம் தயார், வழிகாட்டியாக யார் வருவார் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் எழுதினாள்.

வீட்டில் இருந்த உறையெல்லாம் சின்னது. ஆறாம் நாளின் இரண்டாவது தாளை மடித்தால்தான் அதற்குள் போகும். அவள் அதை மடிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு, தபால் நிலையம் மூடுவதற்குள் பெரிய உறை வாங்கக் கிளம்பினாள்.